யாருடைய காதலுக்குப் பரிசு?

மலிவுப் பதிப்பாக வெளிவரும் காதல் நாவல்களைப் பற்றிப் பேசுவதே இழுக்கு என்று கருதுவோர் எமது முற்போக்கு அணியிலும் உளர். அவை வெறும் சந்தைச் சரக்கு, அவற்றுள் எதற்குப் பரிசு கிடைத்தாலென்ன என்பது அவர்தம் வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணும் பள்ளி மாணவியும் எதனை விரும்பிப் படிக்கின்றனரோ, அங்கேதான் யார் மனிதர், யார் மனிதரல்லர் என்ற தீர்ப்பு ஓசையின்றி எழுதப்படுகின்றது.

அமெரிக்காவை நோக்குவோம். 1980 இல் ஹூஸ்டன் நகரில் அந்நாட்டுக் காதல் நாவலாசிரியர் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பினப் பதிப்பாசிரியர். 1982 இல் சங்கம் பரிசளிக்கத் தொடங்கியது. 1990 முதல் அதற்கு 'றீற்றா' என்று பெயர். இளையோருக்கான காதல் நாவலும் அதன் பிரிவுகளுள் ஒன்றாயிற்று. நடுவர்கள் பேராசிரியர்களல்லர், சக எழுத்தாளர்களே. இதனினும் சனநாயகம் வேறுண்டோ என்றனர்!

விளைவு யாது? இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களுட் கறுப்பினத்தவர் எழுதியவை நூற்றுக்கு அரை வீதமும் இல்லை, ஒருவரேனும் பரிசு பெறவில்லை என்று 2018 இல் அச்சங்கமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2019 இலேதான் கெனடி றயன், எம். மலோன் ஆகிய கறுப்பின எழுத்தாளருக்கு அது முதன்முதலாகக் கிட்டியது. இடைப்பட்டவை 37 ஆண்டுகள். இதற்குச் சதியெதுவும் வேண்டியதில்லை. 'பாத்திரத்தோடு ஒன்ற முடியவில்லை' என்று ஒவ்வொரு நடுவரும் தனித்தனியே குறைத்துப் புள்ளியிட்டாற் போதும். எப்பாத்திரத்தோடு ஒன்றுவதற்கு அந்நடுவர் பழக்கப்பட்டுள்ளார் என்பதை எவரும் கேட்பதில்லை. இரசனை என்ற சொல் எத்தனை வசதியான திரை!

2019 டிசெம்பரில், சீன மக்களை இழிவாகச் சித்திரித்த நாவலொன்றைக் கண்டித்த கோட்னி மிலன் என்ற எழுத்தாளர்மீதே சங்கம் நடவடிக்கை எடுத்தது. எதிர்ப்புக் கிளம்பவே பின்வாங்கியது. 'றீற்றா' கைவிடப்பட்டு, 'விவியன்' என்ற புதிய விருது பிறந்தது. கறுப்பினப் பெண்ணின் பெயர் சூட்டினால் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணினர் போலும்.

2021 இல், சமயச் சார்புடைய காதல் நாவலுக்கான 'விவியன்' யாருக்குப் போயிற்று? 1890 டிசெம்பர் 29 இல் அமெரிக்கப் படை லக்கோட்டா மக்களைக் கொன்றுகுவித்த வூண்டட் நீ படுகொலையிற் பங்குகொண்ட குதிரைப்படைத் தலைவனைக் கதாநாயகனாக்கிய நூலுக்கு! அவன் இறைவனிடம் மன்னிப்புப் பெறுகின்றான். பின்பு காதலும் கைகூடுகின்றது. மாண்ட பெண்களும் குழந்தைகளும் அவன் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பும் கருவிகள், அவ்வளவே. கொலையுண்டவரின் மக்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் நடுவர்க்கு உதிக்கவில்லை.

உதித்தது வாசகருக்கு. காதற் கதை படிப்போரும் எழுதுவோருமே கொதித்தெழுந்தனர். சில நாட்களிற் பரிசு மீளப்பெறப்பட்டது. சங்கம் பின்னர் தேய்ந்து, 2024 மே மாதம் வங்குரோத்து மனுவோடு நீதிமன்றஞ் சென்றது.

தூய இலக்கியம் பேசும் நண்பர்கள் இன்னொரு பரிசையும் கவனிக்கட்டும். அதே படுகொலைக்காக ஏறத்தாழ இருபது படைவீரருக்கு அமெரிக்க அரசு தன் அதியுயர் வீரப் பதக்கத்தை வழங்கியிருந்தது. அவற்றை மீளப் பெறுமாறு லக்கோட்டா மக்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். பதக்கங்கள் அவ்வாறே நீடிக்கும் என்று 2025 செப்ரெம்பரில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைவர் அறிவித்தார்.