ஃபேமிலி ரூம்

ஒரு ஹோட்டலை மூடிவிட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகத் துக்கம் கொண்டாடுவோம். என் கணவருக்கு ருசி போய்விட்டது. “இனிமே அந்த மாதிரி ரவா தோசை எங்க கிடைக்கும், சொல்லு” என்று அன்று முழுக்கப் புலம்புவார். எனக்கு உட்கார்ந்த இடம் போய்விட்டது. ரவா தோசையை நான் வீட்டிலேயே வார்த்துவிடுவேன். ஹோட்டல் முறுகல் வராது, சரி. ஆனால் வார்க்கிறவள் எதிரே உட்கார்ந்து பேச முடியாதே. அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கத்துவதற்குப் பெயர் பேச்சா?

எண்பதுகளில் கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது திருவல்லிக்கேணியில் மாமனாரின் பழைய வீடு. முற்றம், ரேழி, இரண்டு கொழுந்தனார்கள், ஒரு நாத்தனார், ஆஸ்பத்திரிக்கென்று ஊரிலிருந்து வந்து மாசக்கணக்கில் தங்கும் உறவுகள். எங்களுக்கென்று ஓர் அறை உண்டு. அதன் கதவைச் சாத்தினால், “என்ன, பகல்லயே சாத்தியிருக்கு?” என்று மாமியார் குரல் வரும். வாசல் போர்ஷனில் ஒரு டிபன் கடை வாடகைக்கு இருந்தது. அங்கே போய்ப் பேசலாம் என்றால், மாமனார் காலையும் மாலையும் பேப்பரோடு அங்கேதான் இருப்பார். மெரினா நடக்கிற தூரம்தான். ஆனால் அவ்வளவு பெரிய கடற்கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தவர் ஒருவர் சுண்டல் பொட்டலத்தோடு வந்து, “அட, நீங்களா!” என்பார்.

மிச்சமிருந்தது ஹோட்டல்களின் ஃபேமிலி ரூம். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாலின் ஓரத்தில் பலகைத் தடுப்பு வைத்து, ஆடுகிற அரைக்கதவோ பச்சைத் திரையோ போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு மார்பிள் மேஜை, நாலு நாற்காலி, கடகடவென்று ஒரு ஃபேன். கதவுக்கு அடியில் சர்வரின் கால் தெரியும். அந்தக் கால் வந்து நின்றால் பேச்சை நிறுத்திவிடுவோம். வெளியே ஹாலில் ‘அரசியல் பேசாதீர்கள்’ என்று பலகை மாட்டியிருக்கும். எங்களுக்கு அரசியல் பேச எங்கே நேரம்? சம்பளத்தில் எவ்வளவு மாமியாரிடம் கொடுப்பது, நாத்தனார் கல்யாணத்துக்கு என் வளையலை அடகு வைக்கலாமா, நான் வேலைக்குப் போவதா வேண்டாமா, எல்லாம் அங்கேதான் முடிவாயிற்று. காபியை ஒன் பை டூ வாங்கி, அவர் டபராவில், நான் டம்ளரில். வளையல் விஷயத்துக்கு மட்டும் மேற்கொண்டு ஒரு பிளேட் போண்டா தேவைப்பட்டது.

கையில் காசு இருந்தால் கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கார்க்காரர்களுக்குக் கார் கதவிலேயே தட்டை மாட்டிவிடுவார்கள். ஸ்கூட்டர் கோஷ்டியான நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். மரநிழல், காக்கை, யாரும் விரட்டாத நாற்காலி. பக்கத்து மேஜையில் யாராவது காலையில் வந்தவர் மத்தியானம் வரைக்கும் எழுதிக்கொண்டிருப்பார், அல்லது எழுதப்போவதைப் பேசிக்கொண்டிருப்பார். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையற்கட்டு எடுபிடியாகப் பிழைப்பைத் தொடங்கிய கிருஷ்ண ராவ், 1938-ல் ராயப்பேட்டையில் முதல் உட்லண்ட்ஸை ஆரம்பித்தவர். டிரைவ்-இன் வந்தது 1962-ல். 2008-ல் மூடினார்கள். சமையல் கெட்டுப்போய் மூடவில்லை, கூட்டம் குறைந்தும் மூடவில்லை. கடைசி நாட்களில் உட்கார இடம் கிடைக்காத அளவுக்கு ஜனம். நிலம் அரசின் கைக்குப் போயிற்று, அவ்வளவுதான். 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. என் கணவர் இன்றுவரை அதற்குள் கால் வைக்கவில்லை. நான் போயிருக்கிறேன். நல்ல பூங்கா. மரங்களுக்கு என்மேல் ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1954-ல் வந்த தாசப்பிரகாஷ் கட்டடமும் போய்விட்டது. அங்கே சாப்பாட்டைவிட ஐஸ்கிரீமுக்காகத்தான் போவோம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இன்னும் நாலு பாரா சொல்லுவார். விட்டுவிடுகிறேன்.

பெரிய ஹோட்டல்களுக்காவது பத்திரிகையில் இரங்கல் வரும். எங்களுக்கு அதிகம் வலித்தது பெயர்ப்பலகை மங்கிப்போன சின்ன இடங்கள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மெஸ், ராயப்பேட்டையில் பரோட்டாவுக்குச் சால்னா இரண்டாம் தடவை கேட்டால் முறைக்காத ஒரு மிலிட்டரி ஹோட்டல், மந்தைவெளியில் வாழைப்பூ வடைக்கென்றே போன ஒரு டிபன் சென்டர். ஒன்று மொபைல் கடை ஆயிற்று, ஒன்று மருந்துக்கடை, ஒன்று இருந்த இடத்தில் நாலு மாடி.

ஆட்கள் வெளியே சாப்பிடுவது குறைந்துவிட்டதா என்ன? எந்த ஞாயிற்றுக்கிழமையும் எந்த ஹோட்டல் வாசலிலும் போய்ப் பாருங்கள். குறைந்தது வேறு. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, பழைய வாடகைதாரரைக் கிளப்புவதும் வாடகையைக் கூட்டுவதும் சுலபமில்லை. கோர்ட்டுக்குப் போனால் வழக்கு தலைமுறை தாண்டும். கட்டடத்துச் சொந்தக்காரர் கையில் விழுந்த அந்தச் சொற்ப வாடகையில்தான் இந்த மெஸ்களெல்லாம் ஓடின. ஒரு காபியை இரண்டு பேர் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரு மேஜையை அடைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரோ காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஹோட்டல் முதலாளி தாராளமானவர் என்று நினைத்தோம். தாராளம் பாதி அவருடையது. மீதி, மாடியில் குடியிருந்து வயிறெரிந்துகொண்டிருந்த கட்டடத்துக்காரருடையது.

புதுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும். அதற்குள்ளேயே பாதி வீடுகள் பில்டர் கைக்குப் போய்விட்டிருந்தன. சொந்தக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில். ஜாயின்ட் வென்ச்சர் என்றால் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஃபிளாட். ஹோட்டலுக்குத் தரைத்தளம் வேண்டும், பின்னால் மாவரைக்க இடம், கழிவுநீர் போக வழி, சிலிண்டர் வந்திறங்க வாசல், புகை போக மார்க்கம். புதுக் கட்டடத்தில் தரைத்தளம் முழுக்கத் தூண்கள். தூண்களுக்கு நடுவே கார். இந்த ஊரில் டிபன் கடைகளைத் தின்றது பீட்ஸா என்று பலர் எழுதுகிறார்கள். கார் நிறுத்துமிடம் என்பது என் கட்சி.

ஃபேமிலி ரூம் அதற்கும் முன்பே போய்விட்டது. பலகைத் தடுப்பைப் பிரித்துவிட்டு ஏ.சி. ஹால் என்றார்கள். அதே தோசைக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இருந்தால் 18 சதவீதம், இல்லாவிட்டால் 12. நவம்பரில் பெரும்பாலான ஹோட்டல்களுக்கு ஒரே 5 ஆயிற்று. அந்த நாலைந்து மாசம் என் கணவர் பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததுபோல எங்கள் பிள்ளையின் மார்க் ஷீட்டைக்கூடப் படித்ததில்லை.

மந்தைவெளி டிபன் சென்டரை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கல்லா முன்னால் நின்றார். முதலாளியோ உற்சாகமாக இருந்தார்.

“பையன் ஹூஸ்டன்ல செட்டில் ஆயிட்டான் சார். பொண்ணு டாக்டர். இந்த அடுப்படிக்கு யார் வரப்போறா?”

“இல்ல, இத்தனை வருஷம் நடத்திட்டு...”

“காலம்பற மூணு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு அலுத்துப் போச்சு சார். நான் தூங்கணும்.”

பிள்ளைகள் இந்தக் கல்லாவுக்கு வந்து உட்காரக் கூடாது என்றுதான் அவர் அத்தனை வருஷம் அதில் உட்கார்ந்திருந்தார். நினைத்தது நடந்துவிட்டது. ஸ்வீட் கொடுத்துக் கொண்டாட வேண்டிய இடத்தில் நாங்கள் துக்கம் கேட்கப் போயிருந்தோம். இவர் கடைசி முயற்சியாக வாழைப்பூ வடையின் பக்குவம் கேட்டார். “அதெல்லாம் மாஸ்டரைக் கேளுங்க” என்று உள்ளே கைகாட்டினார். மாஸ்டர் ஒடிசாக்காரர். வந்தபோது வாழைப்பூவில் நரம்பு எடுக்கத் தெரியாதாம். இப்போது ஆய்ந்து மோரில் போட்டுவிட்டு, கறைபட்ட விரல்களைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தபடி, “பருப்பு ரொம்ப அரைக்கக் கூடாது சார், ஒண்ணு ரெண்டா இருக்கணும்” என்றார் சென்னைத் தமிழில்.

அந்த மாஸ்டர் இப்போது வேளச்சேரிப் பக்கம் ஒரு கிச்சனில் இருக்கிறார். அங்கே மேஜை நாற்காலி கிடையாது, கல்லாவும் கிடையாது. எல்லாம் ஸ்விக்கிதான். என் கணவர் எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் டப்பாவில் வடை வந்தது. கொஞ்சம் ஆறியிருந்தது, மற்றபடி அதே வடை. சட்னிகூட அதேதான். அவர் துக்கம் அன்றோடு தீர்ந்தது. நான் தட்டு எடுத்துவைத்தேன், தண்ணீர் எடுத்துவைத்தேன், சாப்பிட்டபின் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் டிவியைப் போட்டார்.

இந்த வயதில் உங்களுக்குப் பேச இடமா இல்லை, வீடே காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்பீர்கள். காலி வீட்டில் பேச்சு நடக்காது. குக்கர் விசில், காலிங் பெல், அவருடைய போன். எதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு மேஜை, பில் வரும்வரை எழுந்து போக முடியாது என்றால்தான் ஆண்பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

போன மாதம் அப்படிப் பேசவேண்டிய விஷயம் ஒன்று வந்தது. திருவல்லிக்கேணி வீட்டை பில்டருக்குக் கொடுக்கலாம் என்று கொழுந்தனார்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். வாசல் போர்ஷன் டிபன் கடை இன்னும் இருக்கிறது. மாமனார் பேப்பர் படித்த பெஞ்சில் இப்போது பக்கத்து மேன்ஷன் பையன்கள். வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பேசுவதற்கு ரத்னா கபேக்குப் போனோம். 1948-லிருந்து இருக்கிற இடம், எங்கள் ஃபேமிலி ரூம் நாட்களிலிருந்து மிஞ்சியது. இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் முதல் விள்ளலுக்கே என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இடம் பிடித்து நின்றுவிட்டது. சின்னப் பையன் நாற்காலி முதுகைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்த ஆட்டத்திலேயே பேசி முடித்தோம். கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் சொன்னேன். ஓடு ஒழுகுகிறது, மராமத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், எங்களுக்கும் வயதாகிறது. ஆனால் தரைத்தளத்தில் முன்பக்கம் அந்த டிபன் கடைக்காரருக்கு ஒரு கடை விட வேண்டும், புகைபோக்கியோடு, ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்றேன். வாடகை நியாயமாக உயரட்டும், அது வேறு. இவர் அதைத் தம்பிகளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டார். பெரியவர் சரி என்றார். நியூஜெர்சியில் இருக்கிற சின்னவர்தான், அப்படியானால் தன் பங்குக்கு ஒரு கார் பார்க்கிங் குறையும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவருக்கு இந்த ஊரில் கார் கிடையாது.