முட்புதர்க் கணக்கில் போகும் ஆற்றுப்பாலை



குளிர்நாடுகளுக்கே உரியது என்று பலரும் நினைக்கும் வில்லோ குடும்பத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளிலும் காவிரியின் மேல்பகுதியிலும் தானாக வளரும் இனம் ஆற்றுப்பாலை. விட்டால் 10 மீட்டருக்கு மேல் உயரும். வெள்ளம் முறித்துப் போட்டால் அடியிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்துப் புதராகிவிடும். இலை ஒடுங்கி நீண்டு கூர்மையாக இருக்கும், அடிப்பக்கம் வெளிறியது. இந்தப் புதர்த் தோற்றம்தான் இப்போது அதற்கு ஆபத்தாகியிருக்கிறது. தூர்வாரும் பணிகளின் மதிப்பீட்டில் 'முட்புதர் அகற்றுதல்' என்ற ஒரே வரியில், சீமைக் கருவேலத்தோடு முள்ளே இல்லாத இந்த மரமும் அடங்கிவிடுகிறது. பொக்லைன் ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

தண்ணீருக்குள் மயிர்க்கற்றை போலத் தொங்கும் இதன் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன. உதிரும் இலை விரைவில் மக்கி நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகிறது. அந்தப் பூச்சிகளைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் மீன்கொத்தி என்று அது நீள்கிறது. பனிக்காலத்தை ஒட்டி வரும் பூக்களில் தேனீக்கள் மொய்க்கும். சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இதன் இளந்தளிரில் முட்டையிடுகிறது. அதன் புழுவுக்குச் சொத்தைக்களாவும் ஆற்றுப்பாலையும் முக்கிய உணவு. சிவப்புக் கரையிட்ட வெள்ளிப் புள்ளிகளோடு இலையடியில் தொங்கும் அதன் கூட்டுப்புழுவைக் கண்டவர்கள், இதைக் களை என்று சொல்லத் தயங்குவார்கள்.

வேரோடிய கரைகளின் பொந்துகளில் நீர்நாய்கள் குட்டி போடுகின்றன. காவிரியில் வாழும் நீர்நாயையும், மலையோடைகளில் வாழும் சிறுநகம் கொண்ட நீர்நாயையும் வைத்து நாடுகளுக்கிடையே வணிகம் கூடாதென 2019ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. விலங்குக்குக் காவல் வந்தது. அது ஒண்டும் கரைக்கு வரவில்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை ஓடும் நீரையும் ஈரநிலமாகவே கொள்கிறது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ ஆற்றுப் படுகைகளையும் பாசன ஏரிகளையும் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டின் 20 ராம்சார் தலங்களில் ஓர் ஆற்றங்கரைகூட இல்லை. ஆற்றுப் புறம்போக்கில் நிற்கும் இந்த மரத்துக்காக யாரிடம் முறையிடுவது என்பதே தெளிவாக இல்லை.

கரையைப் பிடித்திருக்கும் வேரைப் பிடுங்கினால் அடுத்த மழையில் கரை சரிகிறது. சரிந்த மண் படுகையை மேடாக்குகிறது. மறுபடியும் தூர்வார வேண்டியதாகிறது. ஒப்பந்ததாரருக்கு வேண்டுமானால் இது வசதியாக இருக்கலாம். சரிவைத் தடுக்கக் கான்கிரீட் சுவர் எழுப்பினாலோ மரம் திரும்பி வர வழியே இல்லை. ஆற்றுப்பாலையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வில்லோக்களின் பஞ்சு விதை நெடுநாள் உயிரோடிருக்காது. அதற்குள் ஈரமான வெற்று வண்டலில் விழுந்தால்தான் முளைக்கும்.

தூர்வாருவதே கூடாதென்பதல்ல வாதம். வண்டல் அள்ள வேண்டிய இடத்தில் அள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு கரையில் இயந்திரத்தை இறக்கி மறுகரையை அப்படியே விடலாம். சீமைக் கருவேலத்தைத் தனி இனமாகவும், அகற்றக்கூடாத ஆற்றுப்பாலை, நீர்மருது, புங்கன் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாகவும் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். பணி தொடங்குமுன் வனத்துறையினர் கரையை நடந்து பார்த்து மரங்களில் குறியிட வேண்டும். ஏற்கெனவே மொட்டையான கரைகளில் போத்து நடலாம். மழைக்காலத்தில் ஒரு முழக் கிளையை ஈரமண்ணில் செருகினாலே வேர்விடும் மரம் இது. நாற்றங்காலோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.

வாசகர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்