படைத்தொகையும் வாய்மையும்

திருநின்றவூரினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணத்தை அடைகின்றது. அதற்கு அணித்தேயுள்ள தக்கோலத்தில், கி. பி. 949-ஆம் ஆண்டில், முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது, யானைமீதிருந்தவாறே உயிர்நீத்தான். இப்போரைப் பற்றி மாணவர் உரையாடுங்கால் முதலில் எழும் வினா, "இரு திறத்தும் எத்தனை இலட்சம் வீரர்?" என்பதே. விடையும் தயங்காது வந்துவிடுகின்றது. அதற்குச் சான்று யாதெனக் கேட்பார் அரியர்.

கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு இராசாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனைக் கூறுகின்றது. பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் வேட்டைநாயையும் கூறுகின்றது. படைத்தொகையை மட்டும் கூறவில்லை.

தொகை கூறும் கல்வெட்டும் உண்டு. 1007-ஆம் ஆண்டைச் சார்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழர் ஒன்பது இலட்சம் படையோடு வந்தனர் என்கின்றது. அதனைப் பொறித்தவர் யாவர்? சோழரைத் துரத்தினோம் எனப் பெருமைகொண்ட சாளுக்கியர் தரப்பினர். பகைவன் படை பெருகுந்தோறும் வென்றவன் புகழும் பெருகுமன்றோ?

ஜெர்மானிய வரலாற்றறிஞர் ஹான்ஸ் டெல்புருக், பாரசீக மன்னன் செர்க்சிசின் படையைப் பற்றிய பழங்கணக்கை வழியின் நீளங்கொண்டு சோதித்தார். நாமும் அங்ஙனமே செய்வோம். வரிசைக்கு நால்வராக, இரண்டு மீட்டருக்கு ஒரு வரிசையாக ஒன்பது இலட்சம் பேர் நடப்பின், அணிவகுப்பு 450 கிலோமீட்டர் நீளும். வால் திருநின்றவூரில் நிற்கத் தலை மதுரையை நெருங்கும்! ஆளுக்கு முக்காற் கிலோ அரிசியெனின் நாளொன்றுக்கு 675 டன் வேண்டும். எருதொன்று நூறு கிலோ சுமப்பினும், ஒரு திங்கள் உணவுக்கு இரண்டு இலட்சம் எருதுகள் வேண்டும். அவற்றிற்குப் புல்லும் நீரும் யாண்டுப் பெறுவது?

பல வழிகளிற் பிரிந்து சென்றிருக்கலாமே எனின், வழி பிரியலாம், வயிறு குறையாது.

இங்ஙனம் ஆராய்தல் முன்னோர் புகழைக் குறைப்பதாகும் எனச் சிலர் வருந்துவர். அது பொருந்தாது. உயிர்கொடுத்தவனுடைய வீரம் அவனோடு நின்றோரின் எண்ணிக்கையால் அமைவதன்று. மிகைத்தொகையோ, உண்மையில் நின்று மடிந்தோரை வெறுஞ் சுழியங்களுக்குள் மறைத்துவிடுகின்றது. அன்றியும், பழம்போரில் அளவையின்றி எண்ணை ஏற்கப் பழகியவன், இன்றைய செய்தியிலும் அங்ஙனமே ஏற்பான்.

ஆதலின் மாணவ நண்பர்களே, தொகை கேட்டால் சொன்னவன் யாவன் என வினவுங்கள். பின்னர்ச் சோற்றையும் வழியையும் கணக்கிடுங்கள். சான்றில்லாவிடத்து, "தொகை தெரியவில்லை" என எழுத அஞ்சாதீர்கள். அதுவும் கல்வியின் பயனே.