தாலிப் பொன்னும் பத்தர் பட்டறையும்

தை பிறந்துவிட்டால் நம் ஆலயங்களில் காவடியும் பால்குடமும் நிறைகின்றன. இல்லங்களில் திருமணப் பேச்சு தொடங்குகின்றது. மணவறையில் அணிவிக்கப்படும் தாலி அன்றோடு பெட்டிக்குள் போய்விடும் நகையன்று. நாள்தோறும் நீராடியபின் அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வதை நம் அன்னையர் பலர் இன்றும் கைவிடவில்லை. அவ்வகையில் தாலி நித்திய வழிபாட்டிற்குரிய பொருளாகும். ஆனால், அதனைச் செய்யும் கைகள் நம் நாட்டில் அருகி வருகின்றன. இது திருவிழாக் காலத்தில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

யாழ்ப்பாண மரபினர் திருமணத்திற்கு முன் பொன்னுருக்கு என்னும் சடங்கை நடத்துவர். நல்ல நாளில் மணமகன் இல்லத்தில், நிறைகுடமும் குத்துவிளக்கும் முன்னிருக்க, பெரியோர் கண்ணெதிரே பத்தர் பொன்னை உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் ஏந்தி அவையோருக்குக் காட்டியபின், அதிலிருந்தே தாலி செய்யப்படும். அங்கே பத்தர் வெறும் கூலியாளர் அல்லர், சடங்கை நிறைவேற்றுபவர். அவர் இல்லாமல் அச்சடங்கு இல்லை.

இன்று கணினியில் வரைந்த வடிவம் மெழுகு அச்சாகி, வார்ப்பில் பொன்னாகின்றது. ஒரே வார்ப்பில் பல நகைகள் பிறக்கின்றன. இதனைக் குறை கூறுவதற்கில்லை. நுட்பமும் ஒழுங்கும் இயந்திரத்தால் கூடியுள்ளன. 916 முத்திரையால் நூற்றுக்கு 91.6 பங்கு தூய பொன் என்னும் உறுதியும் கிடைக்கின்றது. எனினும், தேய்ந்த வளையத்தைப் பற்றவைக்கவும், குண்டும் காசும் சேர்த்துத் தாலியை மீண்டும் கோக்கவும் கைத்தொழில் அறிந்தவரே வேண்டும்.

பொன் விலையும் இச்சிக்கலைக் கூட்டியுள்ளது. 2025 அக்டோபரில் ஓர் அவுன்சு பொன் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற, எடை குறைந்த, உள்ளீடற்ற நகைகளை மக்கள் நாடுவது இயல்பே. விழா நாளில் மட்டும் அணிவதற்கு அவை போதும். வியர்வையும் நீரும் உராய்வும் அன்றாடம் படும் தாலிக்கு அவை ஏற்றவையல்ல. மெல்லிய தகடு நசுங்கினால் நிமிர்த்துவது கடினம்.

மலேசியாவில் நகைத்தொழில், முடிதிருத்தும் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் அந்நியத் தொழிலாளரைத் தருவிப்பது 2009ஆம் ஆண்டு முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், இம்மூன்றிற்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி அளிக்கப்படும் என அறிவித்தார். வணிகர்களுக்கு அது ஆறுதலே. ஆனால், வந்தவர் ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது தொழிலும் அவருடனே கப்பலேறிவிடும். இடைப்பட்ட 14 ஆண்டுகளில் உள்ளூர் இளைஞர் எத்தனை பேரை இத்தொழிலுக்கு நாம் ஆயத்தப்படுத்தினோம்?

இதில் நம் பங்கும் உண்டு. பொன்னின் விலையைக் கேட்டவுடன் மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், செய்கூலி என்றதும் பேரம் பேசுகின்றோம். உலோகத்திற்கு உள்ள மதிப்பு உழைப்பிற்கு இல்லை என்பதைப் பத்தரின் மகன் கடை வாசலிலேயே கற்றுக்கொள்கின்றான். பல்லாண்டு பயின்று நெருப்பின் முன் அமர்வதைவிட, மாதச் சம்பளம் தரும் வேறு வேலையை அவன் தேடினால் அது அவன் குற்றமாகுமா?

நகை வணிகர் சங்கங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் கைகோத்து, உதவித்தொகையுடன் உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சியளிக்க வேண்டும். ஆண்களுக்கு மட்டுமின்றிப் பெண்களுக்கும் அவ்வாய்ப்பு திறந்திருத்தல் வேண்டும். வடிவத்தைக் கணினி வரையட்டும். தாலியையேனும் நம் ஊர்ப் பத்தரிடம் கொடுத்து, உரிய செய்கூலியை மனமுவந்து அளிப்போம். அன்றாடம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பொருளைச் செய்த கையை மறந்துவிட்டு, அப்பொருளை மட்டும் போற்றுதல் முறையாகாது.