பூச்சுக்கு முன் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் புறநகர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக எலும்புக்கூடாக நின்ற அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மீண்டும் வேலை தொடங்கியிருக்கிறது. கட்டடம் கை மாறிவிட்டது. புது விளம்பரப் பலகையும் வந்துவிட்டது. முதல் வேலையாகப் பழைய தூண்களுக்குப் பூச்சு நடக்கிறது. கான்கிரீட்டைச் சோதித்தீர்களா என்றால், "சுத்தியல் டெஸ்ட் எடுத்தாச்சு சார்" என்கிறார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தால், நீட்டிப்புக் கட்டணம் கட்டியாகிவிட்டதாம். நான் கேட்டது கட்டணத்தைப் பற்றியா?

கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் சொல்கிறேன். அந்தச் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கிறது. பூச்சில்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்த கான்கிரீட்டுக்குள் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல இறங்கும். அப்போது மேல்தோல் இறுகும். சுத்தியல் நல்ல எண்ணையே காட்டும். ஆனால் கம்பியைத் துருவிலிருந்து காத்த காரத்தன்மை அதே நேரத்தில் போய்க்கொண்டிருக்கும். உடைத்த இடத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் தெரிந்துவிடும்: காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. பெரிய செலவில்லை. தூணில் கம்பியை மூடிப் பொதுவாக 40 மி.மீ. கான்கிரீட் உறை (கவர்) இருக்க வேண்டும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் பூச்சு அதை மறைக்கும், தீர்க்காது.

வலிமையை அறியக் கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுத்தே ஆக வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது: கோர்களின் சராசரி, அந்த வயதுக்குரிய கான்கிரீட் கனசதுர வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேல்தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு வெர்னியரில் விட்டமும் பார்க்க வேண்டும். மேல்துரு மட்டும் என்றால் கவலையில்லை. குழிகுழியாக அரித்திருந்தால் அந்தக் கம்பியை நம்பி அடுத்த தளம் போடக் கூடாது. மழைநீர் தேங்கிய அடித்தளக் குழியை யாராவது இறங்கிப் பார்த்தார்களா என்பதும் தெரியவில்லை.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடமும் முடிக்கப்படாததுதான். அங்கே காரணம் துரு அல்ல என்பது உண்மை. ஆனால் ஆளே குடியேறாத கட்டடத்தால் ஆபத்தில்லை என்ற நினைப்பை அது உடைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகும் ரசீதைப் பார்த்து வேலைக்கு வழிவிடுகிறோம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும். துரு அந்தக் கெடுவுக்குள் வெளியே தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லையே!

நின்றுபோன கட்டடத்துக்கு நீட்டிப்பு தருமுன், கட்டுநர் அமர்த்தாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கோர் சோதனை அறிக்கையை அதிகாரிகள் கேட்டுப் பெற வேண்டும். வீடு வாங்குவோர் படிக்கும்படி அதை வாசலில் ஒட்டவும் வேண்டும். எங்கள் பகுதிக் கட்டடத்தில் அது நடக்கும்வரை பூச்சு வேலையை நிறுத்திவைக்க உத்தரவிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னைப் புறநகர்