நீலகிரித் தைலம்

மழைக்காலம் பிறந்தால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நீலகிரித் தைல வாசனையோடுதான் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் குடியேறிய மரத்தின் தைலம் அது. அதிலுள்ள ஸினியோல் என்னும் பொருளே ஜலதோஷத்தில் அடைத்த மூக்குக்குச் சுகம் தருவது. பெரியவர்கள் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகரலாம். ஆஸ்த்மா உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நலம்.

"இலைச்சாறுதானே, என்ன செய்துவிடும்?" என்ற எண்ணந்தான் விபரீதம். சாறு அன்று, இலைகளை ஆவியில் வடித்தெடுத்த உக்கிரமான எண்ணெய். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் காணக்கூடும். கைக்குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ தடவவும் கூடாது, மூச்சுத் திணறும்.

குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.