எடை போட்ட பிறகே சம்பளம்

லுமுட் கப்பல் கட்டும் தளத்தைக் கடக்கும்போதெல்லாம் 27 என்ற எண்தான் எனக்கு நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் நம் கடற்படைக்கு அத்தனை ரோந்துக் கப்பல்கள் என்று திட்டமிட்டார்கள். வந்து சேர்ந்தவை ஆறு.

அடுத்த திட்டம், ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள். முதல் கப்பலுக்கு நம் பேராக்கின் மகாராஜா லேலா பெயரை 2017-இல் சூட்டினார்கள். 2019-இல் அதை ஒப்படைத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது: 608 கோடி வெள்ளி கொடுத்தாகிவிட்டது; ஒரு கப்பல்கூட முடியவில்லை. மறு ஆண்டு ஆறு, ஐந்தானது. செலவோ 1,100 கோடியைத் தாண்டியது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். ஸ்டோரில் பாலை எடை போட்டு எழுதிய பிறகுதான் அவருக்குச் சம்பளக் கணக்கு. வரி கட்டும் நாமும் அதே தராசைக் கேட்டால் என்ன தவறு?